கத்திக்குப் பிடி மரமா, மைக்கார்டாவா? உறை தோலா, கைடெக்ஸா?

அலகு தயாராகிவிட்டது. திருப்பாச்சேத்தியிலோ உங்கள் ஊர்ப் பக்கத்திலோ ஒரு கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டையை உலையில் வைத்து அடித்து, தோய்ச்சல் கொடுத்து (காய்ச்சிய இரும்பைத் தோய்த்துக் கடினமாக்கி), சாணை பிடித்துக் கையில் தந்துவிட்டார். அல்லது நீங்களே தகடு வாங்கி அரத்தால் தேய்த்து வடிவம் கொண்டு வந்திருக்கிறீர்கள். பலர் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். பிடிக்கு ஈட்டி போடலாமா, கொம்பு போடலாமா, மைக்கார்டா என்கிறார்களே அது என்ன, உறைக்குத் தோல் நல்லதா, கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகடு நல்லதா என்று ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதில் கிடைக்கிறது.

கத்தி செய்பவர்களின் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். படத்தில் மரத்தின் ரேகை தெரியும். அந்தக் கத்தி இரவு முழுவதும் சிங்க்கில் கிடந்ததா, ஐப்பசி மழையில் உறைக்குள் ஒரு வாரம் இருந்ததா என்பது தெரியாது. பிடியையும் உறையையும் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் எந்தப் பொருள் அழகு என்று பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இந்தக் கத்தியைக் கழுவப்போவது யார்? இரவில் இது எங்கே இருக்கும்?

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது ஈரம். நம் ஊரில் சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவில் காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கும் அளவு அதிகம். கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது, ஈரக்கையில் பிடிமானம். மீன் வெட்டும்போதும் எண்ணெய்க் கையோடு சமைக்கும்போதும் பளபளவென்று பாலிஷ் போட்ட எந்தப் பிடியும் வழுக்கும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும்.

மூன்றாவது, பழுது பார்க்க முடியுமா என்பது. ஐந்து வருடம் கழித்துப் பிடி ஆடினால் கழற்றி மாற்ற முடிய வேண்டும். நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: தேய்ந்து போகும் உப்புத்தாள், முகக்கவசம், மரம் காயக் காத்திருக்கும் மாதங்கள், வருடா வருடம் போட வேண்டிய எண்ணெய். ஐந்தாவது சட்டம். இதைச் சிலர் யோசிப்பதே இல்லை, யோசிக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அலகின் வால், அதாவது பிடியைத் தாங்கும் இரும்புப் பகுதி, பிடிக்குள் முழுவதும் மறைகிறதா, அல்லது வால் பிடியின் அகலத்துக்கே இருந்து இரண்டு பக்கமும் துண்டுகள் வைத்து ஆணி அடிக்கிறோமா? மறைந்த வாலுக்கு மரமும் கொம்பும் நன்றாகப் பொருந்தும். இரண்டு துண்டு வைக்கும் முறைக்குச் சுருங்கி விரியாத பொருள்தான் நல்லது. ஏன் என்று கீழே வருகிறது.

## பிடி: நாட்டு மரம்

மரம் என்றாலே ஈட்டி, கருங்காலி என்று மனம் போகிறது. ஆனால் நம் கொல்லர்களும் ஆசாரிகளும் கருவிப் பிடிக்கு ஈட்டியைத் தேடிப் போனதில்லை. கருவேலம், புளி, பூவரசு என்று பக்கத்தில் கிடைத்ததைத்தான் போட்டார்கள். ஏரும் வண்டிச் சக்கரமும் செய்த கருவேலம் கத்திப் பிடிக்குப் போதாதா என்ன? மரத்தின் பெயரை விட வைரம் பாய்ந்த பகுதியா என்பதுதான் முக்கியம். புளியமரத்தின் நடுவில் இருக்கும் கருஞ்சிவப்பு வைரம் கல் போல இருக்கும். அதைச் சுற்றியுள்ள வெளிறிய மரத்தைப் பூச்சி எளிதில் அரிக்கும். மரவாடியில் துண்டு எடுக்கும்போது வெட்டுமுகத்தைப் பார்த்து, வெளிறு இல்லாத இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மரத்தின் மறைமுகச் செலவு காத்திருப்பு. நான் ஒருமுறை அறுத்து மூன்று மாதம்கூட ஆகாத புளியங்கட்டையில் பிடி போட்டேன். தை மாதம் போட்டபோது இரும்பும் மரமும் விரலால் தடவினாலும் தெரியாத அளவுக்கு ஒன்றாக இருந்தன. அக்னி நட்சத்திரத்துக்குள் மரம் சுருங்கி, நடுவில் இருந்த இரும்பு ஒரு கோடு போல உள்ளங்கையில் உறுத்தியது. அடுத்த மழையில் மரம் திரும்ப விரிந்து, அந்த இடைவெளியில் தண்ணீர் போய், உள்ளே துரு ஏறியது. கழற்றிப் பார்த்தபோது வாலில் குழி விழுந்திருந்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். இரண்டு துண்டு வைக்கும் முறையில் இந்தக் குறுக்குச் சுருக்கம் அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

அதனால் மரம்தான் வேண்டும் என்றால் பழைய மரத்தைத் தேடுங்கள். இடித்த வீட்டின் நிலை, உடைந்த கட்டில் கால், பழைய உலக்கை. பல வருடம் காய்ந்தவை. ஈட்டி வேண்டும் என்பவர்களுக்கும் இதுதான் வழி. ஈட்டி மரம் வெட்டுவதிலும் விற்பதிலும் கட்டுப்பாடுகள் உள்ளதால், பழைய சாமான் துண்டே நிம்மதி. ஈட்டித் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொந்தரவையும் தரும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். ஈட்டி, தேக்கு போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரங்களை ஒட்டுவதற்கு முன்னால் அசிட்டோன் தொட்டுத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஆரால்டைட் போன்ற எபாக்ஸிப் பசை பிடிக்காமல் உரிந்து வரும்.

மறைந்த வாலுக்கு நம் ஊர்ப் பழைய முறை இன்றும் சிறந்தது. மரத்தில் துளை போட்டு, அரக்குத் தூளை நிரப்பி, வாலைச் சூடாக்கி இறக்குவார்கள். அரக்கு உருகி இடைவெளியெல்லாம் நிறைந்து இறுகும். மரம் பிளக்காமல் இருக்க முனையில் பித்தளைப் பூண். பிடி பழுதானால் வாலை மறுபடி சூடாக்கினால் போதும், அரக்கு இளகிக் கழன்று வந்துவிடும். எபாக்ஸியில் இந்த வசதி இவ்வளவு சுலபமாக இல்லை. சூடு அலகு வரை ஏறிவிட்டால் தோய்ச்சல் இறங்கிவிடும், ஆகவே அலகை ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது காற்றில் உலர்ந்து இறுகாது. பிசுபிசுப்பாகவே இருந்து நாளடைவில் சிக்கு நாற்றம் அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள் கெட்டியாகும். மெல்லியதாக நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டுத் தடவ வேண்டும். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும்போது வெப்பம் உண்டாகித் தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

## பிடி: கொம்பு

மான் கொம்பு வேண்டவே வேண்டாம். காட்டில் தானாக உதிர்ந்ததுதானே என்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். தந்தமும் அப்படியே.

எருமைக் கொம்பு வேறு. அது வளர்ப்பு விலங்கின் கொம்பு. கறுப்பாக, பாலிஷ் போட்டால் கண்ணாடி போல மின்னும். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின்தான் இதுவும், அதனால் சூடு பட்டால் இளகி வளையும். அப்படி வளைத்துத் தட்டையாக்கலாம் என்பது வசதி. வெயிலில் கிடந்தால் தானே திருகிக்கொள்ளும் என்பது தொல்லை. தேய்க்கும்போது முடி கருகிய வாடை வீடு முழுக்கப் பரவும். பெட்டிக்குள் பல மாதம் மூடி வைத்தால் ஒருவகை வண்டு வந்து அரித்துக் குழி போட்டுவிடும். அடிக்கடி கையில் எடுக்கும் சிறிய கத்திக்கு, அதுவும் மறைந்த வாலுக்கு, கொம்பு நல்ல தேர்வு. தினமும் கழுவும் சமையல் கத்திக்கு நான் போட மாட்டேன்.

## பிடி: மைக்கார்டா, அதாவது நம் ஊர் ஹைலம்

துணியை அடுக்கடுக்காக வைத்து, பினாலிக் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகைதான் மைக்கார்டா. 1910 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மின்கடத்தாப் பொருளாக உருவாக்கியது. கத்தி செய்பவர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து சிறு துண்டுகளாக வரவழைத்து அதிக விலை கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதே வகைப் பொருள் நம் ஊரில் ஹைலம் ஷீட் என்ற பெயரில் பல காலமாக இருக்கிறது. மில் இயந்திரங்களின் பல்சக்கரத்துக்கும் புஷ்ஷுக்கும் இதைத்தான் கடைந்தார்கள். மோட்டார் காயில் கட்டுபவர்களுக்கு இன்சுலேஷன் சாமான் விற்கும் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். கேட்கும்போது துணி ஹைலம் என்று அழுத்திச் சொல்லுங்கள். காகித ஹைலமும் உண்டு, அது மலிவு, ஆனால் விளிம்பில் சில்லு தெறிக்கும், ஈரக்கையில் வழுக்கும். பிடிக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன் போதும். பல நிறம் கிடைக்காது, பெரும்பாலும் பழுப்புதான்.

நன்மை என்னவென்றால் இது சுருங்காது, விரியாது. இரும்போடு ஒட்டிய கோடு வருடங்கள் கழித்தும் அப்படியே இருக்கும். 220 அல்லது 320 எண் உப்புத்தாளோடு நிறுத்திவிட்டால் துணியின் நெசவு மேலே தெரியும், தண்ணீர் பட்டால் பிடிமானம் கூடும். மேலே பாலிஷ் போட்டு அந்தக் குணத்தை அழித்துவிடாதீர்கள். மஞ்சளும் எண்ணெயும் பட்டு நாளடைவில் நிறம் கருக்கும், அது குறை இல்லை.

மறைமுகச் செலவு தூசி. பினாலிக் தூள் மூச்சுக்கு ஆகாது. வாசலில் வைத்து, என்95 முகக்கவசமாவது போட்டு, முடிந்தால் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். அப்புறம், இது மரத்தை விட வேகமாக உப்புத்தாளைத் தின்னும். ஒரு பிடிக்கு ஆகும் தாள் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## பிடி: ஜி10

துணிக்குப் பதில் கண்ணாடி இழை, பினாலிக்குக்குப் பதில் எபாக்ஸி. அதே கடைகளில் கிளாஸ் எபாக்ஸி ஷீட் என்று கேட்டால் தருவார்கள். தண்ணீர், உப்பு, எண்ணெய் எதுவும் இதை அசைக்காது. படகில் போகும் கத்திக்கு இதற்கு நிகர் இல்லை.

ஆனால் கையால் செய்பவர்களுக்கு நான் தயங்கித்தான் பரிந்துரைப்பேன். அரம் மொட்டையாகும், துளைபோடும் பிட் எரியும், கண்ணாடி இழைத் தூள் தோலில் குத்தி இரண்டு நாள் அரிக்கும். நுரையீரலுக்குள் போனால் அரிப்போடு நிற்காது. குழந்தைகள் நடமாடும் வீட்டு மாடியில் ஜி10 தேய்க்க வேண்டாம். எடையும் ஹைலத்தை விடக் கூடுதல், மெல்லிய அலகுக்குப் பின்பக்கம் கனத்துவிடும்.

வெற்றிடத்தில் ரெசினை ஏற்றி நிலைப்படுத்திய மரமும் உண்டு. மரத்தின் அழகும் பிளாஸ்டிக்கின் உறுதியும் சேர்ந்து வரும். வீட்டிலேயே செய்ய வெற்றிட பம்ப், தனி ரெசின், சூடாக்கும் அடுப்பு எல்லாம் வேண்டும். ஒரே ஒரு கத்திக்காக அதில் இறங்காதீர்கள், பரிசாகக் கொடுக்கும் கத்தி என்றால் தயாரான துண்டு வாங்கிக்கொள்ளலாம்.

| | ஈரம் தாங்குவது | ஈரக்கையில் பிடிமானம் | கழற்றி மாற்றுவது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| பழைய வைர மரம் | சுமார், எண்ணெய் வேண்டும் | நன்று | அரக்கில் வைத்தால் மிகச் சுலபம் | தேடும் நேரம், வருடாந்தர எண்ணெய் |
| எருமைக் கொம்பு | குறைவு | பாலிஷ் போட்டால் வழுக்கும் | சுலபம் | வாடை, பூச்சி, திருகல் |
| துணி ஹைலம் | மிக நன்று | மிக நன்று | சிரமம் | தூசி, உப்புத்தாள் |
| ஜி10 | அசையாது | சொரசொரப்பாக விட்டால் நன்று | சிரமம் | தூசி, கருவி தேய்மானம் |

## உறை: தோல்

தோல் உறைக்குத் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்டு, கடுக்காய் ஊற்றி முடிக்கும் தோலை இங்கே தலைமுறைகளாகச் செய்கிறார்கள். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று வணிகத்தில் பெயர், புவிசார் குறியீடும் பெற்றது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கம் இந்தத் தொழில் வேரூன்றியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் குரோம் உப்பில் பதனிட்ட தோல்தான் பெருமளவு.

உறைக்குப் பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். நனைத்தால் இளகி, கத்தியின் வடிவத்தை வாங்கி, காய்ந்ததும் அப்படியே விறைத்து நிற்கும். குரோம் தோல் துவண்டே இருக்கும், அதிலுள்ள உப்புகள் இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் சோதித்து வாங்குங்கள். வெட்டிய விளிம்பில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு சுருங்கிவிடும், குரோம் தோல் பெரிதாக மாறாது. தடிமன் 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். ஆட்டுத்தோல் போதாது, மாட்டுத்தோலோ எருமைத்தோலோ பாருங்கள்.

தைக்கும்போது இரண்டு தோலுக்கும் நடுவில், வெட்டு விளிம்பு வரும் பக்கமாக, ஒரு தோல் பட்டை வைத்துத் தைக்க வேண்டும். அது இல்லாத உறையில் கத்தி ஒவ்வொரு முறை போகும்போதும் நூலை அறுக்கும், ஒருநாள் விரலையும் அறுக்கும். இரண்டு ஊசியும் தேன்மெழுகு தேய்த்த நூலும் வைத்துத் தைக்கும் தையல் இதற்கு மிகப் பொருத்தம். ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மீதித் தையல் பிரியாது.

இப்போது தோலின் பெரிய குறைக்கு வருகிறேன். பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பாகும். முன்னோர் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியது இந்த வினையால்தான். அதே வினை உங்கள் கத்தியின் மேல் நடக்கும். தோல் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொள்ளும். கடலோரத்தில் இருக்கும் உறவினருக்கு நான் கொடுத்த ஒரு கத்தி ஒரே மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளிகளோடு திரும்பி வந்தது. அவர் அதைப் பத்திரமாக உறைக்குள்ளேயே வைத்திருந்தார். தோல் உறை எடுத்துப் போவதற்கு மட்டுமே, வைத்திருப்பதற்கு இல்லை என்று கொடுக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு தனியாக வைக்க வேண்டும். இதைச் செய்ய மாட்டோம் என்றால் தோலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

## உறை: கைடெக்ஸ்

பிவிசியும் அக்ரிலிக்கும் கலந்த தகடு. 165 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் தோல் போல இளகும், கத்தியின் மேல் வைத்து அழுத்தினால் அச்சு எடுத்தாற்போல இறுகும். ஈரத்தை உறிஞ்சாது, கழுவலாம், அடியில் ஒரு துளை விட்டால் தண்ணீர் வடிந்துவிடும். கத்தியை உள்ளே தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. உள்ளே ஒரு மணல் துகள் போய்விட்டால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அலகில் கீறல் விழும். அதனால் தோட்டத்தில் பயன்படுத்தும் உறையை அவ்வப்போது கழுவிக் காயவைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் விட்டால் வடிவம் தளரும். தகடு பெரும்பாலும் இறக்குமதி, தகட்டைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக வளையமான ஐலெட்டும் அதை அடிக்கும் கருவியும் தனிச் செலவு. ஒரே உறைக்கு இதெல்லாம் வாங்குவதை விட, செய்து தருபவரிடம் கொடுப்பது லாபம்.

மலிவாக முடிக்க பிவிசி பைப்பை வெட்டிச் சூடாக்கித் தட்டையாக்குபவர்கள் உண்டு. தோட்டக் கத்திக்குச் சரி. அதிகம் சூடாக்கினால் அமிலப் புகை வரும், திறந்த வெளியில் செய்யுங்கள். பழைய பைப்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும், ஆகவே சமையல் கத்திக்கு அது வேண்டாம்.

## உறை: மரம்

சமையலறைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் யாரும் கேட்பதில்லை. ஜப்பானில் சமையல் கத்திகளுக்கு மக்னோலியா மரத்தில் மெல்லிய உறை செய்கிறார்கள். மெத்தென்ற, பிசின் குறைந்த மரம் என்பதால் விளிம்பைக் கெடுக்காது. நம் ஊரில் குமிழ், மலைவேம்பு போன்ற மெல்லிய மரத்தில் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். கருவேலம் வேண்டாம், அதில் டானின் அதிகம். இடுப்பில் கட்டிப் போக முடியாது. அலமாரிக்குள் கை பட்டு வெட்டாமல் இருக்க இது போதும். கத்தியை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும்.

## யாருக்கு எது

வீட்டில் நாலு பேர் பயன்படுத்தி, யாராவது ஒருவர் சிங்க்கில் போட்டுவிடும் சமையல் கத்தி என்றால் துணி ஹைலம் பிடி, மர உறை. மரப் பிடிமேல் ஆசையாக இருக்கும், ஆனால் அந்த வீட்டில் அது மூன்று வருடம் தாங்காது. சமைப்பவர் ஒருவரே, கழுவித் துடைத்து வைப்பவரும் அவரே என்றால் பழைய புளிய வைரமோ ஈட்டியோ போடுங்கள். கை சூட்டில் மரம் தரும் இதத்தை ஹைலம் தராது.

தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் போகும் கத்திக்கு மறைந்த வால், கருவேலம், அரக்கு, பூண். உடைந்தால் உள்ளூர்ப் பட்டறையிலேயே அரைமணி நேரத்தில் மாற்றிவிடுவார்கள். உறை தோலாக இருக்கலாம், இரவில் கத்தி ஆணியில் தொங்க வேண்டும். கடலுக்குப் போவதற்கு ஜி10 அல்லது ஹைலம், உறை கைடெக்ஸ், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பரிசாகக் கொடுப்பதுதான் கடினமானது, ஏனென்றால் வாங்குபவரின் பழக்கம் நமக்குத் தெரியாது. அப்போது அழகை உறையில் வையுங்கள், உறுதியைப் பிடியில் வையுங்கள். ஹைலம் பிடி, கையால் தைத்த தோல் உறை, கூடவே ஒரு சிறு துணியும் ஒரு புட்டி எண்ணெயும். உறைக்குள் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி அதையும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.